பெருங்காய டப்பா

வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பெருங்காயம் இருந்த டப்பா" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். சரக்குத் தீர்ந்து போனாலும் வாசனை போகாது என்பது தாத்பரியம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா வாஸ்தவமாகவே இருக்கிறது. பித்தளை டப்பா, மூடியில் மயில் ஒன்று பொறித்திருக்கும். என் தாயார் புக்ககம் வந்தபோது சீர் வரிசையோடு கூட வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அடுப்பங்கரை அலமாரியில், உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவே அரசு செலுத்திய அந்த டப்பா, சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் பட்டத்தை இழந்தது. அதைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவன் என் தங்கையின் பிள்ளை. அப்போது அவனுக்கு ஐந்து வயது கூட நிரம்பவில்லை.

நோயிலிருந்து தேறும் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடிய கஞ்சி ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று இப்பகுதியின் நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கஞ்சி என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகையால் கதையைச் சொல்லிக்கொண்டே போய், கஞ்சியையும் நடுவில் இறக்கி வைத்து விடுகிறேன்.

நாங்கள் இருப்பது மதுரையில். எங்கள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். என் தாயாருக்கு இரண்டு வீட்டிலும் ஆட்சி உண்டு. அந்தத் தெருவில் எல்லாருக்குமே அவள் பாட்டி. ஆகவே நானும் இங்கே பாட்டி என்றே எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து ஒரு வருஷம் வரையில் வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தான். ரொட்டியும் பிஸ்கோத்தும் தின்னத் தொடங்கி ஆறேழு மாதத்துக்குப் பிறகு தேய ஆரம்பித்தான். கையும் காலும் குச்சியாயின. வயிறு மட்டும் பானையாயிற்று. வெளுத்து நுரைத்த பேதி, நாளைக்கு நாலு தடவை. எந்நேரமும் சிணுங்கல். மற்றக் குழந்தைகள் தெருவில் ஓடும்போது இவன் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் காட்சியைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். மாந்தம் என்றார்கள். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். ஒரு டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று மாதக் கணக்கில் மாத்திரை கொடுத்தார். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து டானிக்கு வேறு. பாட்டில் பாட்டிலாக உள்ளே போயிற்று; ரத்தம் மட்டும் ஏறவில்லை.

பாட்டி தன் பங்குக்குச் சும்மா இருப்பாளா? தேறாத குழந்தைக்கு ஊரில் எல்லாரும் எதைக் கொடுக்கிறார்களோ அதைக் கொடுத்தாள். காலையிலும் மாலையிலும் பாலில் மால்ட் மாவைக் கலந்து, நுரை பொங்க ஆற்றி, மடியில் வைத்துப் புகட்டுவாள். பேதி அதிகமான நாட்களில் வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று பார்லிக் கஞ்சி. நடுவில் ஒரு வாய் ரவைக் கஞ்சி, பாலில் ஊறிய ரஸ்க்கு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்தாலும் இந்த நாலும்தான் போகும். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பையைப் பிரித்தால் ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் இவைதான்.

கடைசியில் சென்னையில் குழந்தைகளின் குடல் நோய்களையே தனியாகப் படித்த டாக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். இளம் வயது அம்மாள். குழந்தையை நிறுத்துப் பார்த்தார். நாலரை வயதுப் பிள்ளை 11 கிலோ 400 கிராம் இருந்தான். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மருந்தைப் பற்றிக் கேட்காமல், காலை எழுந்தது முதல் குழந்தை வாயில் என்னென்ன போகிறது என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தத்தில் டி.டி.ஜி. என்ற ஒரு சோதனை. பிறகு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறு குடலின் மேற்பகுதியிலிருந்து கடுகளவு சதை எடுத்து ஒரு சோதனை. இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் இந்தக் குழந்தைக்கு ஆகாது.

சாதாரணமாக ஒவ்வாமை என்றால் உடம்பில் தடிப்பு, இழுப்பு என்று உடனே தெரிந்துவிடும். கோதுமையினால் அப்படிப்பட்ட ஒவ்வாமையும் சிலருக்கு உண்டு. இது வேறு. குளுட்டன் உள்ளே போனால், நோயோடு போராட வேண்டிய உடம்பின் சேனை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறு குடலின் உட்புறம் வெல்வெட்டுத் துணியைப் போல் நுண்ணிய இழைகள் நிறைந்தது. ஆகாரத்தின் சாரத்தை உறிஞ்சுவது அந்த இழைகளே. அவை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டால், எத்தனை ஊட்டினாலும் ஓட்டை வாய்க்காலில் விட்ட தண்ணீர்தான். இரும்புச் சத்து டானிக்கு எங்கே போயிற்று என்பது அன்று விளங்கிற்று.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மருந்து?" என்றாள்.

"மருந்து கிடையாது, பாட்டி. பத்தியம்தான்."

பத்தியம் என்றதும் பாட்டியின் முகம் தெளிந்தது. அது அவளுடைய ராஜ்யம் அல்லவா? "எத்தனை மண்டலம் இருக்கணும், அம்மா?"

"ஆயுசு பூராவும்."

வடக்கே கோதுமை தின்னும் பிரதேசங்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் காணப்படுகிறது. தெற்கே மிகவும் அபூர்வம். அபூர்வமானபடியால் இங்கே அதைப் பற்றிய நினைவு வைத்தியர்களுக்கும் சற்றுத் தாமதமாகவே வருகிறது. எங்களுக்கு முன்னால் மருந்து கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால், மூன்று வருஷத்தில் ஒருவராவது "குழந்தை என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டிருக்கலாம்.

அன்று ரயிலில் திரும்பும்போது பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மால்ட் மாவுப் பாட்டிலை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். முளை கட்டிய பார்லி, கோதுமை மாவு என்று இருந்தது. கொடியடுப்பின் பக்கம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "நாளைக்கு ரெண்டு டம்ளர். வருஷத்துக்கு எழுநூத்தி முப்பது. ரெண்டு வருஷத்துக்கு மேலே. என் கையாலேயே, என் மடியிலே வச்சே கொடுத்தேன்!" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், இரவெல்லாம் இந்த நோயின் வரலாற்றைத் துருவிப் படித்தேன். ஆறுதல் அங்கேதான் கிடைத்தது.

சாமுவேல் கீ என்று லண்டனில் பிரசித்தி பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். குழந்தைகள் தேயும் இந்த நோயை இக்காலத்து வைத்தியத்தில் முதன்முதலாகத் தெளிவாக வர்ணித்தவர் அவரே. 1888-இல் வெளியான அவருடைய கட்டுரையில், இந்நோய் குணமாக வேண்டுமானால் அது ஆகாரத்தினால்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு கூர்மையான புத்தி! அடுத்தாற்போல் எந்த ஆகாரம் என்று சொல்ல வருகிறார். அரிசி, ஜவ்வரிசி, சோள மாவு கூடாது என்கிறார். மால்ட் சேர்ந்த ஆகாரம் அதைவிட மேல். ரஸ்க்கும், மெல்லிசாக வெட்டி இரு புறமும் நன்றாக வாட்டிய ரொட்டியும் கொடுக்கலாம் என்கிறார்! எது அமுதமோ அதை விலக்கி, எது விஷமோ அதைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார், பாவம்.

காலையில் இதைப் பாட்டியிடம் படித்துச் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டாள்.

"அந்த டாக்டருக்கு அப்புறமாவது யாராவது சொன்னார்களா?" என்றாள்.

"இல்லை, அம்மா. அவர் 1911-இல் காலமாகிவிட்டார். கோதுமை விஷயம் வெளியானது அதற்கு முப்பது நாற்பது வருஷம் கழித்து."

"தெரியாமலே போய்ட்டாரா!" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு எழுந்து போய் அரிசியைக் களைந்தாள்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தது ஹாலந்து தேசத்தில். அதற்கு முன்னால் நியூயார்க்கில் ஹாஸ் என்ற டாக்டர் 1924-இல் வாழைப்பழ வைத்தியம் என்று ஒன்றை ஆரம்பித்து வைத்தார். ரொட்டியை நிறுத்தி வாழைப்பழமாகக் கொடுத்தார், குழந்தைகள் பிழைத்தன, பெருமை முழுவதும் பழத்துக்குப் போயிற்று. ரொட்டியை நிறுத்தியதே காரணம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த வில்லெம் டிக்கே என்பவருக்குத்தான் அது தோன்றிற்று. அதுவும் எப்படித் தோன்றிற்றாம்? "ரொட்டியை நிறுத்தினால் என் குழந்தைக்குத் தேவலையாகிறது" என்று ஒரு தாய் சொன்னாளாம். தாய் சொன்னதை அவர் தள்ளிவிடவில்லை. அங்கேதான் இருக்கிறது விஷயம். 1944-45-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்துக்குப் பயங்கரமான பஞ்சம் வந்தது. ஜனங்கள் பூச்செடிக் கிழங்கைக் கூடத் தின்றார்கள். ரொட்டி மறைந்தே போயிற்று. தேசமெல்லாம் பட்டினியால் வாடிய அந்தக் குளிர் காலத்தில், இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் முன்னைவிடத் தேறின. சண்டை முடிந்து ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. டிக்கே தம் ஆராய்ச்சியை எழுதி 1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார்.

நம் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர் மாறு. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. ரேஷனில் கோதுமையை வாங்கி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நம் பாட்டிமார்கள் விழித்த காலம் அது. இன்றைக்கோ கோதுமை இல்லாத வீடு கிடையாது. காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கோத்து, இரவில் சப்பாத்தி. விலக்க வேண்டும் என்று வரும்போதுதான், அது எத்தனை வாசல் வழியாக நுழைந்திருக்கிறது என்பது தெரிகிறது.

இனிமேல் கஞ்சி. பாட்டியின் தாயார் வீட்டில் பிரசவித்தவர்களுக்கும் காய்ச்சல் விட்டவர்களுக்கும் செய்வதாம். வறுத்த நொய்க் கஞ்சி என்று பெயர்.

புழுங்கலரிசி நாலு பங்கு, பயத்தம்பருப்பு ஒரு பங்கு. கடையில் வாங்கிய பருப்பில் வழி தவறி வந்த கோதுமை மணி ஒன்றிரண்டு இருக்கும். தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுக்கிவிட வேண்டும். அரிசியைக் களைந்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கனமான வாணலியில் எண்ணெய் விடாமல், இளந் தீயில், அரிசி சற்றே உப்பிச் சிவந்து பொரியின் வாசனை வரும் வரையில் வறுக்க வேண்டும். பருப்பைத் தனியாக, வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். சிவந்து போனால் கசக்கும். ஆழாக்கு அரிசிக்கு ஒரு சின்ன ஸ்பூன் சீரகம், சுண்டு விரல் நகமளவு சுக்கு. எல்லாம் நன்றாக ஆறிய பிறகு ரவை பதத்துக்கு உடைத்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு வைக்கலாம். மாவாக அரைத்துவிடக் கூடாது. மாவானால் கட்டி தட்டும், ருசியும் போய்விடும்.

குழந்தை ஒன்றுக்கு இரண்டு மேஜைக் கரண்டி நொய். ஒன்றரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நொய்யைத் தூவிக் கிளறி, தீயைக் குறைத்து இருபது நிமிஷம் விட வேண்டும். பருப்பும் அரிசியும் விரலால் மசித்தால் வெண்ணெயாக இருக்க வேண்டும். உப்புப் போட்டு, உருக்கிய நெய் ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். தாளிக்க வேண்டியதில்லை. புண்பட்ட குடல் ஆறும் வரையில் சில குழந்தைகளுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் முதல் ஆறு வாரம் பாலை நிறுத்தச் சொன்னார். பிறகு மோர் கலந்து கொடுத்தோம். வாய் தேறிய பிறகு ஒரு காரட்டையோ பூசணித் துண்டையோ கூடப் போட்டு வேகவைக்கலாம்.

பயல் முதல் நாள் துப்பினான். இரண்டாம் நாள் பாதி குடித்தான். பத்தாம் நாள், "பாட்டி, இன்னும்!" என்றான். அவன் "இன்னும்" என்று கேட்டதை எங்கள் வீட்டில் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாட்டி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினான். பேதி நின்றது. திண்ணைத் தூணை விட்டு வாசலில் இறங்கினான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் பெருங்காய டப்பாவுக்கு இதில் வேலை இல்லை.

கஞ்சி போதும், இனி வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை அவனும் சாப்பிடட்டும் என்று ரசம் சாதம், குழம்பு சாதம், இடியாப்பம் எல்லாம் ஆரம்பித்தோம். கோதுமை வீட்டுக்குள்ளேயே கிடையாது. சப்பாத்திக் கல்லைக்கூடத் தானம் செய்தாயிற்று. ஆனால் எடை நின்று போயிற்று. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். தராசு முள் அசையவில்லை. வயிறு மறுபடி உப்பத் தொடங்கிற்று. ஆறாம் மாதம் சோதனை செய்ததில் டி.டி.ஜி. எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது" என்றார் டாக்டர். தங்கைக்கு அழுகையும் கோபமும் வந்துவிட்டன. "பள்ளிக்கூடத்தில் யாரோ பிஸ்கோத்துக் கொடுக்கிறார்கள், அண்ணா!" என்றாள். பயலை மிரட்டிக் கேட்டோம். அவன் சத்தியம் செய்தான். நாங்கள் நம்பவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டிதான் நம்பினாள். இரண்டு நாள் யோசனை செய்துவிட்டுச் சொன்னாள்: "கஞ்சி குடிச்ச வரைக்கும் தேறினான். ரசஞ் சாதத்துக்கு வந்தான், நின்னு போச்சு. பள்ளிக்கூடம் அப்பவும் போனான், இப்பவும் போறான். கஞ்சியிலே இல்லாதது ரசத்திலே என்ன இருக்கு?"

புளி, தக்காளி, பருப்பு, மிளகு, சீரகம், உப்பு, கொத்தமல்லி. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் மயில் மூடி டப்பா வந்தது.

நேரே அண்ணாச்சி கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் பெருங்காயத்திலே என்ன சேர்ந்திருக்கு?"

"பெருங்காயத்திலே பெருங்காயந்தான், பாட்டி. அம்பது வருஷமா வாங்குறீங்க, இன்னைக்கு என்ன சந்தேகம்?"

"கட்டியை உடைக்கு முன்னே அது வந்த டப்பா இருக்குமே, அதை எடுங்க."

அண்ணாச்சி பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுத்து எறும்பைவிடச் சிறியது. கோந்து, மைதா மாவு, பெருங்காயம் என்று இருந்தது. மைதா என்பது கோதுமை அல்லாமல் வேறென்ன? அதுவும் பெருங்காயத்துக்கு முந்திக்கொண்டு நின்றது. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்துப் பார்த்தார். "எங்க அப்பா காலத்திலேருந்து விக்கிறேன், பாட்டி. இதைப் படிச்சுப் பார்க்கணும்னு தோணினதே இல்லை" என்றார்.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தானம் முதலிய தேசங்களின் வறண்ட மலைச் சரிவுகளில் முளைக்கும் ஒரு செடியின் பால். வேர்ப் பக்கம் கீறினால் வடிந்து பிசினாக உறையும். அதன் காரமும் நெடியும் சொல்லி முடியாது. சுத்தமான பிசினைத் தாராளமாகப் போட்டால் ரசத்தை வாயில் வைக்க முடியாது. ஆகையால் கோந்தும் மாவும் கலந்து வீரியத்தைக் குறைத்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள். பலர் சேர்ப்பது கோதுமை மாவு. (நம் தேசத்தில் இத்தனை காலம் தின்றோமே தவிரப் பயிரிட்டதில்லை. 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் விஞ்ஞானிகள் இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நாற்று நட்டார்கள். நன்றாக வளரட்டும்.)

"சிட்டிகைப் பெருங்காயத்தில் எவ்வளவு கோதுமை இருந்துவிடும்?" என்று நேயர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாளைக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் தொடர்ந்து போனாலே மூன்று மாதத்தில் குடல் கெடுவதாக ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். 50 மில்லிகிராம் என்பது இரண்டு மூன்று அரிசி மணியின் எடை. பாட்டியின் கை பெருங்காயத்தில் கொஞ்சம் தாராளம். ரசத்தில் உண்டு, குழம்பில் உண்டு, மோரில் உண்டு, கறியில் உண்டு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் ஒன்றும் பாக்கி இல்லை.

ஆனாலும் பெருங்காயத்தின் மேலேயே பழியைச் சுமத்த நான் தயாராக இல்லை. அந்த வாரமே பாட்டிக்கு இன்னொரு சந்தேகம் உதித்தது. இடியாப்பத்துக்கும் அடைக்கும் அரிசி அரைப்பது மாவு மில்லில். நமக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அதன் மிச்சம் நம் மாவோடுதானே வரும்? கஞ்சி நொய்யை மட்டும் அவள் வீட்டு எந்திரக் கல்லிலேயே உடைத்து வந்திருக்கிறாள். பெருங்காயமும் மில் மாவும் ஒரே நாளில் நின்றன. இரண்டில் எது எவ்வளவு செய்தது என்று யார் கண்டது? கல் எந்திரம் கொல்லையிலிருந்து கூடத்துக்கு வந்தது. பாட்டிக்கு அப்போது வயது எழுபத்து நாலு. நானும் மைத்துனரும் முறை வைத்துக்கொண்டு சுற்றினோம். எனக்கு இடுப்பு வலி வந்ததே தவிர மாவு வரவில்லை. பிறகு அரிசிக்கென்றே புதிதாக மிக்ஸி ஜாடி ஒன்று வாங்கினோம்.

பெருங்காயம் இல்லாத ரசத்தை வீட்டில் எல்லாரும் மூன்று மாதம் சாப்பிட்டோம். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டாள். நன்றாகவே இருந்தது, இருந்தாலும் அது வேறு ரசம். அப்புறம் அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயத்தை அண்ணாச்சியே தேடி வரவழைத்துக் கொடுத்தார். இப்போது சட்டப்படி கோதுமை முதலியவை சேர்ந்திருந்தால் மேல் காகிதத்தில் சொல்ல வேண்டும். "குளுட்டன் இல்லாதது" என்று போட்டால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. படிப்பதற்கு நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, வயிறு உப்பிய குழந்தைக்கெல்லாம் உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு நூறு காரணம் உண்டு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போய், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சோதனை செய்துகொள்ள வேண்டும். முன்னாடியே நிறுத்திவிட்டால், இருக்கிற நோயும் சோதனையில் தெரியாமல் போய்விடக்கூடும்.

அடுத்த வருஷம் தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். பாட்டி தூக்குச் சட்டியில் தனி ரசமும், ஒரு டப்பாவில் வீட்டு அப்பளமும் எடுத்துக்கொண்டு பயலைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். பந்தியில் கேலிக்குக் குறைவில்லை. "ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்? குழந்தையை ரொம்பத்தான் வதைக்கிறீர்கள்!" என்றார் எதிர் இலைக்காரர். பரிமாறுகிறவர் ரசத்தோடு வந்தார். பாட்டி வாயைத் திறப்பதற்குள் பயல் இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்து மூடிக்கொண்டு, "வேண்டாம் மாமா, அதில் மைதா இருக்கு!" என்றான். ரசத்தில் மைதாவா என்று அந்தப் பந்தியே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் போன சமயம் அவன் 16 கிலோ இருந்தான். இப்போது அவனை என்னால் தூக்க முடியாது.

மயில் மூடி டப்பாவைப் பாட்டி புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பத்து நாள் வெயிலில் வைத்தாள். வாசனை போகவில்லை. சமையலறைக்கு ஆகாது என்று, தன் ஊசி நூலையும் சட்டைப் பொத்தான்களையும் அதில் போட்டுத் தையல் மிஷின் மேல் வைத்துக்கொண்டாள். வளருகிற பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சட்டை சிறுத்துப் போகிறது. தையலைப் பிரித்துவிட்டுப் பொத்தானை மாற்றித் தைப்பது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் உட்காரும் பையன், "உன் சட்டையில் என்னடா சாம்பார் வாசனை?" என்று கேட்கிறானாம்.